கார்கஸ் என்று எழுதியவன்

காணாமல் போன மூன்றாம் நாள் கொலின்ஸின் உடலைக் கீரிக் கடற்கரையில் கண்டெடுத்தார்கள். மண்டை பின்பக்கம் பிளந்திருந்தது. கால்களைக் கட்டியிருந்த நங்கூரக் கயிறு கணுக்காலை எலும்புவரை அறுத்திருந்தது. முகத்தை மீன்கள் விட்டுவைக்கவில்லை. தோளிலிருந்த தழும்பைப் பார்த்துத்தான் அக்கா யசிந்தா அடையாளம் சொன்னாள்.

டிலான் வெடி வைத்து மீன் பிடிப்பதாக முறைப்பாடு கொடுத்தவன் கொலின்ஸ். கொன்றது யார் என்று ஊருக்குத் தெரியும். கண்ணால் கண்டவர்தான் இல்லை. பொலிஸிடம் இருந்தது டிலானின் போனும், கொலின்ஸ் காணாமல் போன அன்று காலை அவன் தன் கூட்டாளி சஜீவனுக்கு அனுப்பிய ஒரேயொரு செய்தியும்: ‘கார்கஸ் கடலில போட்டாச்சு.’

நீதிமன்றத்தில் டிலான் கலங்கவில்லை. “அது கடற்பசு. வெட்டினது குற்றம்தான், ஒத்துக்கொள்ளுறன். கார்கஸ் எண்டால் மிருகத்தின்ர உடம்பு. யசிந்தா ரீச்சர்தான் படிப்பிச்சவ.”

யசிந்தா அடம்பன் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிப்பவள். அவளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்.

“செத்த மனிதனுக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்?” என்று டிலானின் வக்கீல் கேட்டார்.

“கோர்ப்ஸ். லத்தீனில கோர்ப்புஸ் எண்டால் உடல். கிறிஸ்துவின்ர திருவுடல் திருவிழாவுக்கும் அந்தச் சொல்தான். முந்தின காலத்தில உயிரோட இருக்கிற உடம்பையும் அப்பிடித்தான் சொன்னவை.”

“கார்கஸ்?”

“பிரெஞ்சில இருந்து வந்தது. அதுக்கு முந்தி எங்கயிருந்து எண்டு சரியாத் தெரியாது. செத்த மிருகத்துக்கு, இறைச்சிக்கு வெட்டினதுக்குச் சொல்லுறது. மனிசனைச் சொன்னால் அவமதிப்பு.”

“டிலானுக்கு என்ன படிப்பித்தீர்கள்?”

மறந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். “மிருகத்துக்கு மட்டும் எண்டுதான் படிப்பிச்சனான்.”

வெளி வாசலில் கொலின்ஸின் மனைவி பெற்றிசியா அவளை ஓங்கி அறைந்தாள். உதடு பல்லில் பட்டுக் கிழிந்தது. “உன்ர தம்பியை நீயே இன்னொருக்காக் கொன்றுபோட்டியேடி!” தலைமயிரைப் பிடித்து இழுத்து மறுபடியும் அறைந்தாள். யசிந்தா கையைத் தூக்கவில்லை.

சற்றுத் தள்ளி நின்று சஜீவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் அவளிடம் படித்தவன். தன் போன் கடலில் விழுந்துவிட்டதென்று பொலிஸில் சொல்லியிருந்தான். பின்னேரம் அதே போனோடு அவள் வீட்டுக்கு வந்தான்.

“மிச்சச் செய்தியளை அவன் தன்ர போனில அழிச்சுப்போட்டான் ரீச்சர். என்னட்ட இருக்கு.”

முதல் செய்திக்குக் கீழே சஜீவன் கேட்டிருந்தான்: ‘கடற்பசுவோ?’

டிலானின் பதில்: ‘ரீச்சரின்ர தம்பி. துடுப்பால ரெண்டு அடி. மிச்சத்தை நங்கூரம் பாக்கும்.’

யசிந்தா சஜீவனின் சட்டையைப் பிடித்துச் சுவரோடு மோதினாள். “எட்டு மாசம்! எட்டு மாசம் இதை வச்சுக்கொண்டு இருந்தனியோ?” முகத்தில், நெஞ்சில், கை போன இடமெல்லாம் அடித்தாள். அவன் தடுக்கவில்லை.

“பயத்தில இருந்தனான் ரீச்சர். இண்டைக்கு நீங்கள் ஒரு பொய் சொல்லியிருந்தால் நான் வந்திருக்கமாட்டன்.”

கை ஓய்ந்ததும் அவள் மூச்சு வாங்கியபடி நின்றாள். “வா, பொலிசுக்குப் போவம்.”

வழக்கின் அடுத்த தவணைக்கு முன், டிலானின் மச்சான்மார் சஜீவனை அடம்பன் சந்தையில் மடக்கி இரும்புக் கம்பியால் அடித்தார்கள். வலது கை இரண்டு இடத்தில் முறிந்தது. கட்டுப்போட்ட கையோடும் வீங்கிய தாடையோடும் கூண்டில் ஏறி, குழறிக் குழறி போனிலிருந்த எல்லாவற்றையும் வாசித்தான். நீதிபதி மரணதண்டனை என்றதும் சஜீவன்மேல் பாய்ந்த டிலானை நான்கு பேர் தரையோடு அமுக்கினார்கள்.

அந்தக் கையால் சஜீவனுக்கு இனி வலை இழுக்க முடியாது. வெள்ளாங்குளத்தில் மாமாவின் வயலுக்குப் போய்விட்டான்.

தீர்ப்புக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெற்றிசியா பிள்ளைகளோடு யசிந்தாவின் வீட்டுக்கு வந்தாள். நேரே குசினிக்குள் போனாள்.

“மச்சாள், இண்டைக்கு நான் சமைக்கிறன். நீங்கள் கொஞ்சம் படுங்கோ.”