முழங்காலுக்குப் பின்னால்

ரம்பம் எலும்பைத் தாண்டிப் போனது டாக்டர் காயத்ரிக்குக் கையிலேயே தெரிந்துவிட்டது. வேண்டா என்ற அம்மாளுக்கு முட்டி மாற்றுவதற்காக, முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பின் மேல்முனையைத் தட்டையாகச் சீவிக்கொண்டிருந்தாள். கடைசி இழுப்பில் பிளேடு மெத்தென்ற எதற்குள்ளோ புகுந்தது. சட்டென்று விசையை விட்டாள்.

ரத்த ஓட்டத்தை நிறுத்தத் தொடையில் கட்டிய காற்றுப்பட்டை இறுகியிருந்ததால் ரத்தம் தெரியவில்லை. சந்தேகம் தீரக் காற்றைக் கொஞ்சம் இறக்கச் சொன்னாள். முழங்காலின் பின்பக்கத்திலிருந்து பீய்ச்சியடித்த ரத்தம் அவள் முகமூடியை நனைத்தது.

"ஏத்துங்க! காத்த ஏத்துங்க!"

மயக்க மருந்து டாக்டர் தேசிகன் காற்று இயந்திரத்தைத் திருகினார். பட்டை மறுபடி இறுக, ரத்தம் நின்றது.

பாதம் வரைக்கும் ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய் அங்கேதான் எலும்பை ஒட்டி ஓடுகிறது. அது கிழிந்திருந்தது. செங்கல்பட்டின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அதைத் தைக்க ஆளில்லை. திருப்போரூரில் இருந்த ரத்தக்குழாய் நிபுணர் அச்சுதனுக்குத் தேசிகன் போன் போட்டார். அவர் உடனே காரை எடுத்துவிட்டார்.

வேண்டாவுக்கு இடுப்புக்குக் கீழேதான் மரத்திருந்தது. நெஞ்சுக்கு நேரே கட்டிய துணிக்கு அந்தப் பக்கம் அவள் விழித்தே கிடந்தாள். "இன்னா டாக்டரம்மா, இன்னாத்துக்குச் சத்தம் போட்ற?"

"ரத்தக் குழா ஒண்ணு அறுந்துடுச்சிம்மா. என் கையாலதான். தைக்க வேற டாக்டர் வர்றாரு."

ரத்தம் வாங்க ஓடிய நர்ஸ் ஜெனிஃபரை வராந்தாவில் வேண்டாவின் மகன் ஆனந்தன் மறித்தான். பதற்றத்தில் அவள் உள்ளதைச் சொல்லிவிட்டாள். அடுத்த நிமிஷம் தியேட்டர் கதவு படாரென்று திறந்தது. லாரி ஓட்டி உரமேறிய உடம்பு அவனுக்கு.

"எங்கம்மா கால வெட்டிப் போட்டியாடி?"

குறுக்கே வந்த தேசிகன் முகத்தில் முழங்கையால் இடித்தான். அவர் மூக்கு உடைந்து சுவரோரம் விழுந்தார். கட்டிலருகே நின்ற காற்று இயந்திரத்தை ஆனந்தன் எட்டி உதைத்தான். அது உருண்டதில் காற்றுக் குழாய் பிய்ந்தது. தொடைப்பட்டை புஸ்ஸென்று தளர்ந்தது. ரத்தம் குபுக்கென்று பொங்கி அவன் சட்டை மேலேயே அடித்தது.

காயத்ரி பஞ்சுத்துணியைச் சுருட்டிக் காயத்துக்குள் திணித்து, வலக்கை முஷ்டியால் அழுத்தினாள். விரல்களுக்கு நடுவே சூடாக வழிந்தது. இன்னும் அழுத்தினாள். குறைந்தது.

அவன் குளுக்கோஸ் ஸ்டாண்டைத் தூக்கினான். முதல் அடி முதுகில் விழுந்தது. இரண்டாவதைத் தடுக்க இடக்கையைத் தூக்கினாள். முன்கை எலும்பு மளுக்கென்று முறிந்தது. கண் இருண்டது. கடித்த உதட்டிலிருந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

"கைய எடுத்தா உங்கம்மா செத்துடுவாங்க!" என்று கத்தினாள்.

அவனுக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவள் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தான். கழுத்து வளைந்தது, கால்கள் வழுக்கின. முஷ்டி மட்டும் காயத்தை விட்டு வரவில்லை.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "டேய் ஆனந்தா! நான் உசுரோடதான்டா கீறேன்! நீ பண்றதெல்லாம் கேட்டுகினுதான் கீறேன். வுட்றா அந்தப் பொண்ண!"

அம்மா மயங்கிக் கிடக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஸ்டாண்டு கையிலிருந்து நழுவிக் கணகணவென்று தரையில் உருண்டது.

ரத்தப் பையோடு ஓடிவந்த ஜெனிஃபர் ரப்பர் பட்டையை எடுத்தாள். தொடையைத் தூக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். காயத்ரிக்கு இருந்தது ஒரு கை.

"நீ தூக்கு," என்றாள் அவனிடம். "ஆட்டாத."

அவன் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். ஜெனிஃபர் சுற்றிச் சுற்றி இறுக்கினாள். அச்சுதன் வந்து அந்த இடத்தை வாங்கிக்கொள்ளும்வரை காயத்ரி கையை எடுக்கவில்லை. எடுத்ததும் அப்படியே சரிந்து விழுந்தாள்.

அச்சுதன் மற்றக் காலிலிருந்து ஒரு ரத்தநாளத்தை எடுத்து, கிழிந்த குழாயில் ஒட்டுப்போட்டார். கால் பிழைத்தது. இரண்டு கால் விரல்கள் மட்டும் கறுத்துப்போக, அவற்றை எடுக்க வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரி முதலாளி ராஜாராம், கட்டுப்போட்ட கையோடு படுத்திருந்த காயத்ரியைப் பார்க்க வந்தார். "குழாய் ஏற்கெனவே கெட்டுக் கெடந்துச்சின்னு சொல்லிடுங்க டாக்டர். நாம போலீசுக்குப் போக வேணாம், அவங்களும் கோர்ட்டுக்குப் போக மாட்டாங்க. பேஜாரு வேணாம்."

"நான் வெட்டினது வேற, அவன் அடிச்சது வேற சார். ரெண்டுக்கும் முடிச்சுப் போடாதீங்க."

அன்றே புகார் கொடுத்தாள். இன்ஸ்பெக்டர் பன்னீர்செல்வம் வார்டு வாசலிலிருந்தே ஆனந்தனை அழைத்துப்போனார்.

பிறகு காயத்ரி வேண்டாவின் கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "சில பேருக்கு அந்தப் பெரிய குழா எலும்போட ரொம்ப நெருக்கமா ஒட்டிக்கினு ஓடும். உங்களுக்கும் அப்படித்தான் இருந்துச்சாம். ஆனாலும் பின்னால குழாவ மறைக்கிற தடுப்ப சரியா வெச்சிட்டு அறுத்திருக்கணும். என் தப்புதாம்மா. நீங்க கேஸ் போட்டாலும் இதையேதான் சொல்லுவேன்."

வேண்டா ஜன்னல் பக்கம் திரும்பினாள். மகனை அழைத்துப்போன ஜீப் போய் நேரமாகியிருந்தது.

"அவன் உள்ளயே கெடக்கட்டும், புத்தி வரட்டும்," என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு காயத்ரியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தாள். "ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குதும்மா."

"எனக்குந்தான்," என்றாள் வேண்டா. "இன்னோரு முட்டிக்கு மட்டும் உங்கிட்ட வரமாட்டேன், சொல்லிட்டேன்."