பழைய ஆயிலும் வெள்ளை விரிப்பும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் மேல் படிந்தது. என் தங்கையின் கணவர் ஓட்டிய வேனுக்குப் பின்னால் நான் பாட்டுக்கு நடந்து போய்க்கொண்டிருந்தேன். அவர் ஆக்சிலேட்டரை மிதித்தார். புகை கலைந்தபோது என் சட்டை நிறம் மாறியிருந்தது, கையில் ஒரு கதை இருந்தது.

எப்படித் தொடங்குவது என்பதில்தான் இழுபறி.

“கறுப்புக்கும் வெள்ளைக்கும் ஒருநாள் கல்யாணம் நடந்தது.” (அடித்துவிட்டேன். நானே முகம் சுளித்தேன்.)

“அந்த எஞ்சினுக்குப் பசித்தது. அது நாக்கை” (பாதியில் கைவிட்டேன். எஞ்சினுக்கு நாக்கு கிடையாது. விசாரித்துவிட்டேன்.)

சரி, நேராகவே வருகிறேன். என் தங்கை சலவைக்கடை வைத்திருக்கிறாள். அவள் கணவர் பக்கத்துக் கொட்டகையில் வண்டிகளைப் பழுது பார்க்கிறார். இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவர் அந்தக் கதவைத் தாண்டக்கூடாது என்பது தங்கை போட்ட சட்டம்.

2

மாப்பிள்ளை (நான் அவரை அப்படித்தான் கூப்பிடுவேன்; என்னைவிட அவருக்கு வயதும் குறைவு, முடியும் குறைவு) எதையும் வீணாக்க மனம் வராதவர். வண்டிகளுக்கு ஆயில் மாற்றும்போது வடித்தெடுக்கும் பழைய ஆயிலை டிரம்மில் ஊற்றி, வாரக்கணக்கில் அசைக்காமல் விடுவார். கசடெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலாக இருப்பதை மட்டும் எடுத்து, துணியில் வடிகட்டி, கொஞ்சம் டீசல் கலந்து, வேனில் தானே பொருத்திய இரண்டாவது டேங்கில் ஊற்றுவார். கிளப்புவது நல்ல டீசலில். எஞ்சின் சூடேறியதும் ஒரு வால்வைத் திருப்பிப் பழைய ஆயிலுக்கு மாறுவார். நிறுத்துவதற்குக் கொஞ்சம் முன்னால் மறுபடியும் டீசலுக்கு வந்துவிட வேண்டும். மறந்தால் குழாயில் ஆயில் கெட்டியாகி, அடுத்த நாள் வண்டி அசைந்து கொடுக்காது.

* அடிக்குறிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்: இதைப் படித்துவிட்டு உங்கள் வண்டியில் முயன்று பார்க்காதீர்கள். பம்ப் போகும், இன்ஜெக்டர் போகும், அந்தப் புகையில் பக்கத்து வீட்டுச் சிநேகமும் போகும். நான் கதை எழுதுகிறவன், எதையும் வாங்கித் தரமாட்டேன்.

இவ்வளவு பாடு எதற்கு? “கஞ்சத்தனம்” என்று முதல் வரைவில் எழுதியிருந்தேன். தங்கை அந்தச் சொல்லின் மேல் பேனாவால் கோடு போட்டாள். அவள் சொல்வதுதான் சரி. ஓர் ஆஸ்பத்திரி தன் படுக்கை விரிப்புகளை அவளிடம் வெளுக்கத் தர முன்வந்திருந்தது. முதல் கட்டு ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் வருஷம் முழுக்க வேலை. அதை நம்பித்தான், இன்னொருவருடைய சலவைக்கூடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு அவள் கடையே போட்டாள். விரிப்புகளைச் செலவில்லாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது தன் பங்கு என்று மாப்பிள்ளை எடுத்துக்கொண்டார். வேறு விதமாக அன்பைக் காட்ட அவருக்குத் தெரியாது.

3

வடிகட்டும் துணியில்தான் வினை வந்தது.

பழைய பனியனில் வடிகட்டிப் பார்த்தார். மண்ணும் கூடவே இறங்கியது. ஜீன்ஸில் பார்த்தார், ஆயிலே இறங்கமாட்டேன் என்றது. தங்கை வெளியே போயிருந்தாள், நடுக்கதவு திறந்திருந்தது. சலவை மிஷினில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வெள்ளை வெளேரென்ற விரிப்புகள், அவ்வளவு நெருக்கமான நெசவு. ஒன்றே ஒன்றை எடுத்தார். ஆயில் சொட்டுச் சொட்டாக, தூசி தும்பில்லாமல் இறங்கியது. வாழ்க்கையில் இவ்வளவு அழகாக எதையும் பார்த்ததில்லை என்று என்னிடம் சொன்னார். (பிறகு கூப்பிட்டு, “கல்யாணத்தன்னிக்குத் தவிர” என்று சேர்த்துக்கொள்ளச் சொன்னார். சேர்த்துவிட்டேன்.)

இத்தோடு நின்றிருந்தால் ஒரு விரிப்பு தொலைந்தது என்று போயிருக்கும். ஆனால் மனிதருக்கு மனசு உறுத்திவிட்டது. அவள் வருவதற்குள் தானே அதைத் துவைத்து வைத்துவிட நினைத்தார். மற்ற விரிப்புகள் மிஷினிலேயே இருந்தன, அவள் இன்னும் ஓட விடவில்லை. ஒற்றைத் துணிக்காக ஒரு மிஷின் தண்ணீரை வீணாக்குவதா என்று அவற்றோடு இதையும் திணித்து, நன்றாகச் சுடுதண்ணீர் வைத்து, பொத்தானை அழுத்தினார்.

வெளியே வந்த விரிப்புகள் மழைக்கு முந்தைய மேகத்தின் (வேண்டாம், தங்கை சொன்ன சொல்லையே போடுகிறேன்) எலி நிறத்தில் இருந்தன.

4

மாப்பிள்ளை நேராக என்னிடம் ஓடி வந்தார்.

“மச்சான், நீங்க கதை எழுதுறவர்தானே. எனக்கு அவசரமா ஒரு பொய் சொல்லிக் குடுங்க.”

என் எழுத்தை இவ்வளவு ஆவலாக யாரும் கேட்டதே இல்லை. உச்சி குளிர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டியில் துரு என்று ஒன்று சொன்னேன். சாயம் போகிற போர்வை ஒன்று மூட்டையில் கலந்துவிட்டது என்று இன்னொன்று. மூன்றாவதில் மிஷினின் ரப்பர் வளையம் வெகுநாளாக உள்ளுக்குள் இற்றுக்கொண்டே வந்து, ஒருவேளை அன்றைய சூட்டில் தன் கறுப்பையெல்லாம் கொட்டியிருக்கலாம். இந்தக் கதையைவிட அது நல்ல கதை. மாப்பிள்ளை அதைத்தான் தேர்ந்தெடுத்து, கொட்டகைக்குள் நடந்து நடந்து மனப்பாடம் செய்தார்.

தங்கை கடைசிவரைக்கும் கேட்டாள்.

“ஒருவேளையா? நீங்க என்னிக்கு ஒருவேளைன்னு பேசியிருக்கீங்க? இது அண்ணன் எழுதிக் குடுத்தது. எங்கே அவன்?”

நான் வேனுக்குப் பின்னால் இருந்தேன். எந்த விமர்சகரும் கண்டுகொள்ளாத என் நடையை அவள் ஒரே சொல்லில் பிடித்துவிட்டாள். உள்ளூரப் பெருமையாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை உண்மையைக் கக்கினார். அவள் கத்துவாள் என்று இருவரும் காத்திருந்தோம். (இங்கே அவளை ஆவேசமாகப் பேசவைத்து ஒரு பக்கம் எழுதினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. எடுத்துவிட்டேன்.) அந்த ஈரக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“கேட்டிருந்தா நானே நல்ல துணியா ஒண்ணு எடுத்துக் குடுத்திருப்பேனேங்க.”

அவர் போய்க் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். நான் வேனுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். கதைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே.

5

விரிப்புகள் அடுத்த நாள் போய்ச் சேர வேண்டும். என்னிடம் இரண்டு முடிவுகள் இருக்கின்றன.

(அ) எலி நிற விரிப்புகளை அப்படியே வேனில் ஏற்றிப் போய், தங்கை நடந்ததைச் சொல்கிறாள். ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் அம்மா ஒன்றைப் பிரித்துப் பார்க்கிறார், மடிக்கிறார், திருப்பிக் கொடுக்கிறார். தங்கை பழைய சலவைக்கூடத்துக்கே வேலைக்குப் போகிறாள். உருக்கமான முடிவு, பரிசுப் போட்டிக்கு அனுப்பலாம்.

(ஆ) தங்கை அத்தனையையும் கரும்பச்சைச் சாயத்தில் முக்கி எடுக்கிறாள். கறை தெரியாது, கண்ணுக்கும் குளிர்ச்சி, சும்மா ஒரு மாதிரிக்குத்தான் செய்தோம் என்கிறாள். மேற்பார்வையாளர் அம்மா தடவிப் பார்த்து, எல்லா வார்டுக்கும் இப்படியே செய்துவிடலாமே என்கிறார். வாசலில் மாப்பிள்ளை எஞ்சினை அணைக்கப் பயந்து நிற்கிறார். வால்வைத் திருப்பினோமா இல்லையா என்று சந்தேகம்.

எது நடந்தது என்று எனக்குத் தெரியும். சந்தோஷமாக எழுதியும் விட்டேன். தங்கை அந்தத் தாளை மட்டும் உருவி, நாலாக மடித்து வைத்துக்கொண்டாள்.

“எது நடந்துச்சுன்னு எழுதினே, இந்த வாசல் பக்கமே வராதே. உன் கதை வர்ற பத்திரிகை ஆஸ்பத்திரி வெயிட்டிங் ரூம் மேசையில கிடக்குது. நேத்துகூடப் பார்த்தேன்.”

6

ஆகவே முடிவு என் கையில் இல்லை. நீங்கள் வீட்டிலிருந்து படிக்கிறீர்கள் என்றால், இரண்டில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது படிக்கிறீர்கள் என்றால், உள்ளே கூப்பிட்டதும் கட்டிலில் விரித்திருப்பது என்ன நிறம் என்று பாருங்கள். பச்சையாக இருந்தால் தயங்காமல் படுங்கள், நன்றாகத் துவைத்ததுதான். மோந்து மட்டும் பார்க்காதீர்கள். போகும்போது இந்தப் பக்கங்களைச் சத்தமில்லாமல் கிழித்து உங்கள் பைக்குள் போட்டுக்கொண்டு போனால் பெரிய உபகாரமாக இருக்கும்.

மேற்பார்வையாளர் அம்மா கதை படிக்கிறவராம்.