பாதி வழியில் ஒரு காதுகுத்து

காளிராஜ் போனில் தேடிப் பார்த்துவிட்டுச் சின்னப் பிள்ளை மாதிரித் துள்ளினான். தூத்துக்குடி விமான நிலையத்திலிருந்து ராஜமுந்திரி விமான நிலையத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். பறக்கும் நேரம் இரண்டு மணிகூட இல்லை. சங்கரன்கோவிலிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போகவே அதைவிடக் கூட ஆகும்.

அவன் கணக்குப் பார்த்துத்தான் நகர முடியும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நடுவில் கிடைக்கிற ஒற்றை நாளுக்குள் போய்வர முடியாத ஊர் அவனுக்கு ஊரே இல்லை என்றாகி நாலு வருஷம். ராஜமுந்திரியில் வாழ்க்கைப்பட்ட தங்கை நிர்மலாவோ, படுத்த படுக்கையான மாமியாரை விட்டுவிட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்க முடியாதவள். அவள் மகள் அனுவுக்கு மூன்று வயது முடிந்தும் காது மூளி. கூடப்பிறந்த அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில் வேறு எவன் மடியிலும் உட்காரவைத்துக் காது குத்தமாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

டிக்கெட் போட உட்கார்ந்தபோதுதான் காளிராஜுக்கு விஷயம் விளங்கியது. அப்படி ஒரு நேர் விமானமே கிடையாது. தூரத்தை வைத்து அந்த இணையதளம் தானாகப் போட்ட கணக்கு அது. சென்னையில் இறங்கி, காத்துக்கிடந்து, வேறு விமானம் ஏற வேண்டும். போனால் அன்றைக்கே திரும்ப வழியில்லை.

"வானத்துல கோடு யாரு வேணாலும் போடலாம். அதுல பிளேன் ஓடணும்லா?" என்றாள் மனைவி முத்துத்தாய்.

காளிராஜ் தங்கைக்குப் போன் போட்டான்.

"ஏட்டி, என்னால ஆவாது. பெரியப்பா மவன் மடியில வச்சுக் குத்திரு. பிள்ளைய எத்தன நாளைக்கு மூளியா வச்சிருப்ப?"

நிர்மலா கேட்டாள்: "அண்ணே, சென்னைன்னா நீ காலைல போயிட்டு ராத்திரி திரும்பிரலாம்லா?"

"அதுக்கு?"

"எனக்கும் அப்படித்தான். ஒருபகல் அத்தைய அவுக பாத்துக்கிடுவாக. நீ பாதி வா, நான் பாதி வாரேன்."

சென்னை விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே பல்லாவரத்தில் ஒரு நகைக்கடை மாடி. காளிராஜ் பட்டுப்பாவாடையும் கம்மலும் பிச்சிப்பூவுமாக வந்திருந்தான். அதுவரை போனில் மட்டுமே பார்த்திருந்த பிள்ளை தயங்காமல் அவன் மடியில் ஏறிக்கொண்டது. ஆசாரி குத்தியதுதான் தாமதம், கடையே அதிரும்படி அழுதது. அழுதபடியே அவனுடைய இடக்கையைப் பிடித்து அதில் கன்னத்தைப் புதைத்தது. டயாலிசிஸ் ஊசிக்காக ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த கை அது. தோலுக்கு அடியில் ரத்தம் எந்நேரமும் இரைந்துகொண்டே இருக்கும். முத்துத்தாயைக்கூட அவன் அதைத் தொடவிட்டதில்லை.

அழுகை சட்டென்று நின்றது.

"அம்மா, மாமா கைக்குள்ள என்னமோ ஓடுது."

"அது ஓடுறதுனாலதான் மக்கா, மாமா வந்திருக்காவ," என்றாள் நிர்மலா.

தங்கைக்கு நன்றி சொல்வதா, அந்தக் கைக்குச் சொல்வதா என்று காளிராஜுக்குத் தெரியவில்லை. இரண்டும் தனக்கு வாய்த்ததே என்று மனம் நிறைந்துபோனது. ஆசாரி இன்னொரு காதுக்காக ஊசியோடு காத்திருந்தார். பிள்ளை தலையைத் தூக்குவதாக இல்லை. காளிராஜும் கையை எடுக்கவில்லை.