மறுபடியும் ஊறிய பால்

கொள்ளிடத்துத் தண்ணீர் ஊருக்குள் புகுந்தபோது ஏஞ்சல் மேரி மூன்று மாதப் பெண்குழந்தையை மட்டும் மார்போடு அணைத்துக்கொண்டு வெளியேறினாள். ஏலாக்குறிச்சிப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கரையோரக் குடும்பங்களைத் தங்கவைத்திருந்தார்கள்.

மார்பில் சீழ்க்கட்டி வந்து அறுத்ததிலிருந்து அவள் பால் கொடுப்பதை விட்டிருந்தாள். புட்டிப்பால்தான். பால்பவுடர் டப்பா வீட்டோடு முழுகிவிட, யாரோ கொடுத்த பவுடரைக் கலங்கல் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு பிடித்துக்கொண்டது.

முகாம் நர்ஸ் தேவயானி டாக்டரை வரவழைத்துக் குழந்தையைத் தேற்றினாள். பிறகு ஏஞ்சலிடம், "திரும்ப நீயே பால் குடுத்துப் பாரேன்" என்றாள்.

"எனக்குதான் வத்திப்போச்சே, சிஸ்டர்!"

"புள்ள சப்பச் சப்ப ஊறும்மா. ஆனா ஒடனே வராது. அதுவரைக்கும் நல்லாக் கொதிச்ச தண்ணில பால் கரைச்சு நான் தரேன்."

ஏஞ்சலின் கை தழும்புக்குப் போனது. அந்த வலியை அவள் மறக்கவில்லை. ஆனாலும், "எப்புடின்னு சொல்லுங்க" என்றாள்.

மெல்லிய குழாயின் ஒரு முனையைப் பால் கிண்ணத்தில் போட்டு, குழந்தை சப்பும்போது பால் வரும்படி மறுமுனையைக் காம்போடு ஒட்டினாள் தேவயானி. சேலைத் தடுப்புக்குள் கணவன் ஆரோக்கிய பிரபு கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டான். புட்டிக்குப் பழகிய குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டு வீறிட்டது.

"பச்சப்புள்ளைய ஏன் படுத்துற? புட்டியக் குடுத்துடு" என்றாள் தடுப்புக்கு வெளியே ஒருத்தி.

ஏஞ்சல் எழுந்து நடந்து குழந்தையைத் தணித்து மறுபடி உட்கார்ந்தாள். பகலெல்லாம் இதே வேலை. மறுநாளும் அப்படித்தான். காம்பு வெடித்துக் கண்ணீர் முட்டியது. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"கை மரத்துப்போச்சு ஏஞ்சல்" என்றான் பிரபு.

"அந்தக் கையில மாத்திப் புடிங்க."

மெல்ல மெல்லக் குழந்தை பிடித்துச் சப்பத் தொடங்கியது. ஒரு மத்தியானம் பிரபு கிண்ணத்தையே உற்றுப் பார்த்தான்.

"ஏய், பால் கொறையவே இல்ல. கொழா கழண்டு கெடக்கு!"

"அப்ப எதைக் குடிக்கிறா?"

இருவரும் குனிந்தார்கள். குழந்தையின் தொண்டை ஏறி இறங்கியது. ஏஞ்சலின் ரவிக்கை மறுபக்கம் நனைந்திருந்தது.

"சிஸ்டர்! சிஸ்டர்!" பிரபு போட்ட கூச்சலில் வகுப்பறையே எழுந்து நின்றது. புட்டியைக் கொடுக்கச் சொன்னவள்தான் முதலில் ஓடிவந்தாள். "பெரிய வைராக்கியக்காரிடி நீ" என்று ஏஞ்சலுக்கு நெட்டி முறித்தாள்.

கிண்ணத்துப் பால் ஒரேயடியாக நிற்கவில்லை, கொஞ்சங்கொஞ்சமாகத்தான் குறைந்தது. தண்ணீர் வடிந்து வீடு திரும்பியபோது அது தேவைப்படவில்லை. உள்ளே முழங்கால் அளவு சேறு. பிரபு மண்வெட்டியை எடுத்தான். ஏஞ்சல் வாசலில் ஒரு கல்லைத் துடைத்து உட்கார்ந்து, முதலில் பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.