மருமகளுக்கு மட்டும்

எங்கள் வீட்டு வாத்துக் கறியில் என்னென்ன சேர்கிறது என்று எனக்குத் தெரியாது. முப்பத்திரண்டு வயதாகிறது. பிரான்சுக்குப் போகிற பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்துச் சம்பாதிக்கிறேன். ஆனால் சொந்த வீட்டுக் கறி மட்டும் எனக்கு அரசாங்க ரகசியம். கிறிஸ்துமஸ் அன்று சட்டி கொதி வந்ததும் என் அம்மா ஏலேன் என் தோளைப் பிடித்துச் சமையலறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுவாள்.

"பொண்ணுக்குச் சொல்லக் கூடாதுடி ஏலோதி. நீ இன்னொரு வூட்டுக்குப் போறவ. வர்ற மருமவளுக்குத்தான் சொல்லணும்."

அம்மாவுக்கு அவளுடைய மாமியார் சொன்னது. அந்த மாமியாருக்கு அவருடைய மாமியார். லாஃபிளேர் குடும்பத்தில் இதுதான் சட்டம். எனக்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, அப்பாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். எனவே எங்கள் வீட்டுக்கு மருமகள் என்று ஒருத்தி வர வழியே கிடையாது. அம்மாவோடு அந்தக் கறியும் முடிந்துவிடும். அதை நினைத்து அம்மா சில நாள் மூக்கைச் சிந்துவாள். ஆனால் கதவை மட்டும் திறக்கமாட்டாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

கோபம் என்றதும் ஆந்தனியைச் சொல்லியாக வேண்டும். எங்கள் உப்பளம் பகுதியில் என் வகுப்பு வாசலை அடைத்துக்கொண்டு டூரிஸ்டுகளின் வாடகை ஸ்கூட்டர்கள் நிற்கும். ஒரு நாள் பொறுமை போய், வண்டியில் ஒட்டியிருந்த நம்பருக்கு ஃபோன் போட்டு, கடைக்காரனைக் கிழி கிழியென்று கிழித்தேன். அவனே வந்து வண்டிகளைத் தள்ளி ஓரமாக நிறுத்திவிட்டு, "டீச்சர், மிச்சம் ஏதாவது இருந்தா இப்பவே திட்டிடுங்க, வெயில் ஏறுது" என்றான். முதலியார்பேட்டை ஆந்தனி பொன்ஃபுவா. அதன் பிறகு வாசலில் வண்டி நிற்காத நாளிலும் அவனுக்கு ஃபோன் போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனும் அவன் அப்பாவும் பெண் கேட்க வந்தார்கள். அப்பா பெயர் ரோஜே. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். மனைவி இறந்து வெகு காலமாகிறது. அம்மாவை 'மதாம்' என்று அழைத்து, குனிந்து வணக்கம் சொன்னார். அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. வருகிற சம்பந்திக்கு நம் தரம் தெரியட்டும் என்று, பண்டிகை இல்லாத நாளில் முதல் தடவையாக வாத்துக் கறி செய்திருந்தாள். வழக்கம்போல என்னை வெளியே தள்ளிவிட்டுத்தான்.

ரோஜே ஒரு துண்டை வாயில் வைத்தார். கண்ணை மூடி மெதுவாக மென்றார்.

"பிரமாதம், மதாம். கடைசில ஊத்துற காப்பி டிகாஷன்தான் ஒரு சொட்டு கூடிப் போச்சு."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

"காப்பியா?" என்றேன் நான். "வாத்துக் கறிலயா?"

அம்மா ரோஜேவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முசியே, இது ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்டுக் கறியாச்சே. எங்கம்மா என் பொண்டாட்டிக்குச் சொல்லிக் குடுத்துச்சு. பொண்டாட்டி சாகறதுக்கு முன்ன, மருமவ வந்தா சொல்லிடுன்னு என் காதுல போட்டுட்டுப் போச்சு. வெளில யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "மூடி போட்டப்புறம்?"

"மாதாவுக்கு அருள் நிறைந்த மந்திரம் மூணு, மனசுக்குள்ள. முடியற வரைக்கும் யாரும் வாயத் தொறக்கக் கூடாது."

அம்மா எழுந்து என் கையைப் பிடித்து உள்ளறைக்கு இழுத்துப் போனாள். முகம் வெளுத்திருந்தது.

"இந்தக் கல்யாணம் நடக்காதுடி. இந்தக் கறி பொண்ணு வழியா வெளில போவாது. மருமவ வழியாத்தான் போவும். அவங்க கிட்ட இது இருக்குதுன்னா அவங்க நம்ம பங்காளிங்க. அந்தப் பையன் ஒனக்கு அண்ணன்."

"அவங்க பொன்ஃபுவா, நாம லாஃபிளேர். பேரே வேற."

"பேரா? பேரு அன்னிக்கு எடுத்ததுதானே."

அம்மா சொன்னது நிஜம்தான். பிரெஞ்சுக்காரன் காலத்தில் எங்கள் ஆட்கள் அதிகாரி முன்னால் போய் நின்று, இனி பிரெஞ்சுச் சட்டமே எங்கள் சட்டம் என்று எழுதிக்கொடுத்து, ஆளுக்கொரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அண்ணன் ஒரு பெயர் எடுத்துவர, அவனோடு பேச்சுவார்த்தை இல்லாத தம்பி மறுநாள் போய் வேறு பெயர் எடுத்து வருவான். அப்படி நடந்ததாக எங்கள் சொந்தத்திலேயே கதைகள் உண்டு. பெயர் வேறு, ரத்தம் ஒன்று. அண்ணன் தம்பி வழிப் பிள்ளைகள் எத்தனை தலைமுறை தள்ளிப் போனாலும் அண்ணன் தங்கைதான்.

"சர்ச் சாமியார் ஒண்ணும் சொல்லமாட்டார்மா, இவ்ளோ தூரத்து ஒறவுக்கு."

"சாமியாருக்கு என்ன, அவருக்கா பொண்ணு புள்ள இருக்குது? போய்ப் பழைய பதிவெல்லாம் பாரு. பங்காளி இல்லன்னு தெரியற வரைக்கும் அவனை அண்ணன்னு கூப்புடு."

கூடத்துக்கு வந்து விஷயத்தைச் சொன்னேன். ஆந்தனிக்குத் தொண்டையில் கறி அடைத்துக்கொண்டது. ரோஜே மட்டும் இன்னொரு துண்டு போட்டுக்கொண்டார். "மருமவளோ மவளோ, எப்படியும் எனக்கு ஒரு பொண்ணு கெடச்சாச்சு" என்றார்.

"அப்பா, நீ கொஞ்சம் சும்மா இரேன்" என்றான் ஆந்தனி.

மறுநாளிலிருந்து பழைய பதிவேடுகளைத் தேடிப் புறப்பட்டோம். அவன் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, இருவருக்கும் நடுவில் என் பையை வைத்தேன்.

"ஹெல்மெட் குடுங்க, அண்ணா."

"அப்படிக் கூப்புடாத. வண்டி ஆடுது."

"அம்மா சொல்லியிருக்காங்க, அண்ணா."

சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஆந்தனியை விட்டுவிட்டு என்னால் இருக்க முடியாது. அம்மாவைப் பகைத்துக்கொண்டு கோயிலில் மோதிரம் மாற்றவும் முடியாது, அவளுக்கு இருப்பது நான் ஒருத்திதான். இரண்டும் ஒரே காகிதத்தை நம்பிக் கிடந்தன. அந்தக் காகிதம் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்றே தெரியவில்லை.

பதிவு அலுவலகத்தில் மனுவை வாங்கிப் பார்த்த எழுத்தர் எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க ரெண்டு பேரும் என்ன ஒறவு?"

"அதத் தெரிஞ்சிக்கத்தான் சார் வந்திருக்கோம்" என்றான் ஆந்தனி.

பெரிய பெரிய புத்தகங்கள். சுழித்துச் சுழித்து எழுதிய பிரெஞ்சு. நடுநடுவே நம் ஊர்ப் பெயர்கள் பிரெஞ்சுக்காரன் காதில் விழுந்த கோலத்தில் கிடந்தன. சாமிக்கண்ணுவும் அம்மாவாசையும் அவன் கையில் பட்ட பாட்டைப் பார்த்து நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். எழுத்தர் மேசையைத் தட்டினார். முதல் லாஃபிளேர் பெயர் எடுத்த பதிவு கிடைத்தது. முதல் பொன்ஃபுவா பெயர் எடுத்த பதிவும் கிடைத்தது. இரண்டும் ஒரே வாரம். பொன்ஃபுவாவின் அப்பா பெயர் எழுதியிருந்த இடத்தில் மட்டும் மசி பரவி ஒன்றும் தெரியவில்லை. அதோடு எங்கள் சிரிப்பு நின்றது.

"ஒரே வாரம்" என்றேன். "அண்ணன் தம்பி மாதிரியே இருக்குது."

"சும்மா பயப்படாத" என்றான். அவன் குரலும் சரியாக இல்லை.

நான் விடவில்லை. பங்காளி என்றால் ஆண் வழிதானே என்று பையன்கள் பிறந்த பதிவுகளாகவே புரட்டினேன். ஒரு நாள், இரண்டு நாள், ஒரு வாரம் போயிற்று. கண் எரிந்தது, எரிச்சல் வந்தது, ஆந்தனி வாங்கி வந்த டீயைக்கூடத் திட்டினேன். அவனுக்குப் பிரெஞ்சு ஓடாது, எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். சும்மா இருக்க முடியாமல் கல்யாணப் பதிவுகளை எடுத்து வைத்துக்கொண்டு, யார் யாரைக் கட்டினார்கள் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒங்க லாஃபிளேர்ல சின்னப்பாப்பான்னு ஒரு பொண்ணு இருக்குது. மரி சின்னப்பாப்பா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ரெண்டுல கல்யாணம். பாவம், நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பப் போனான்.

"யாரோட கல்யாணம்?"

அவன் குனிந்து பார்த்தான். எழுத்துக் கூட்டிப் படித்தான். காது சிவந்துபோயிற்று.

"சவரிமுத்து பொன்ஃபுவா. எங்க கல்லறைல மேல இருக்கற பேரு. சைகோனுக்குக் கப்பல்ல போனவரு. எங்க தாத்தாவோட அப்பாவப் பெத்தவரு."

புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டேன். பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்று எழுதியிருந்தது. சாட்சியாகக் கையெழுத்துப் போட்டவன் பெண்ணின் அண்ணன், சாமிக்கண்ணு லாஃபிளேர். சாமிக்கண்ணு என் தாத்தாவின் தாத்தா. அண்ணன் வழியில் நான், தங்கை வழியில் ஆந்தனி. பெண் கொடுத்த வீடு எப்படிப் பங்காளி வீடாகும்? கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தி கதவுக்கு வெளியே நின்றே கறியின் ரகசியத்தை மனசில் ஏற்றிக்கொண்டு, புருஷன் வீட்டுக்கும் போய், கப்பலும் ஏறிவிட்டாள். அந்த மகராசி எதிரே இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் இல்லாததால் ஆந்தனியைக் கட்டிக்கொண்டேன். எழுத்தர் இந்தத் தடவை மேசையைத் தட்டவில்லை.

"ஒறவு தெரிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வரும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன், நடுவில் வைக்கவில்லை. ரோஜேவையும் வீட்டுக்கு வரச் சொன்னோம். நகலை அம்மா கையில் கொடுத்து ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். அம்மா விரல் மடக்கினாள், பிரித்தாள், மறுபடி மடக்கினாள்.

"அப்போ இவன் ஒனக்கு மாமன் மவன் மொறை ஆவுது. மொறை மாப்பிள்ள" என்றாள்.

"நான் ஏலோதியோட அப்பாவுக்கு மச்சான் ஆவறேன்" என்றார் ரோஜே. "ஒனக்கு அண்ணன் மொறை. இனிமே மதாமும் கெடையாது, முசியேவும் கெடையாது, தங்கச்சி."

அம்மா சிரித்தாள். சிரித்து முடித்ததும் நகலை மறுபடி பார்த்தாள். "திருட்டுக் கழுதை" என்றாள் சின்னப்பாப்பாவை. பிறகு முகம் சுருங்கி அழ ஆரம்பித்தாள்.

"நூறு வருஷத்துக்கு முன்னாடியே வெளில போயிடுச்சே. அப்போ நான் யாருக்காகடி ஒன்னை வெளில தள்ளிக் கதவச் சாத்தினேன்?"

திட்டுவதற்கு வருஷக் கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். அதையெல்லாம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே சொல்லிக் குடுத்துடும்மா" என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவ செஞ்சது தப்பு. நானும் செய்யணுமா? பொண்ணுக்குச் சொல்லமாட்டேன்."

இப்படி ஒரு பிடிவாதக்காரியை நான் பார்த்ததே இல்லை. அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனால் கல்யாணத்துக்கு நாள் குறிக்கச் சொன்னவளும் அவள்தான், எல்லாருக்கும் முன்னால் மொறை மாப்பிள்ளை, மொறை மாப்பிள்ளை என்று பெருமையடித்தவளும் அவள்தான். செப்டம்பரில் மணியடித்துக் கல்யாணம் நடந்தது. நான் முதலியார்பேட்டைக்குப் போனேன்.

முதல் கிறிஸ்துமஸ் வந்தது. காலையில் ரோஜே மாமா உப்பளம் போய் அம்மாவை ஸ்கூட்டரில் அழைத்து வந்தார். விருந்துக்கு வந்தவள்போலப் பட்டுப்புடவையில் வந்து நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் கரண்டியை நீட்டினார்.

"என்னண்ணா இது?"

"இந்த வூட்டு மருமவளுக்கு இந்த வூட்டு மாமியார் சொல்லணும். அவ போயிட்டா. ஆம்பள நான் சொன்னா அது செல்லுமா? அவ எடத்துல நீ நின்னு சொல்லிக் குடு, தங்கச்சி. சட்டத்துல எங்கயும் இடிக்கலயே?"

அம்மா யோசித்தாள். எங்கேயாவது இடிக்கிறதா என்று நிஜமாகவே யோசித்தாள் என்பது முகத்தில் தெரிந்தது. பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

நான் வாத்தைக் கழுவிக் கொடுத்தேன், வெங்காயம் அரிந்து கொடுத்தேன், அடுப்பை மூட்டினேன். சட்டி கொதி வந்தது. அவ்வளவுதான், என் கால்கள் தாமாகவே வெளியே நடந்தன. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம். கூடத்தில் நின்றிருந்த ஆந்தனி என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். எனக்கு ஏன் என்றே புரியவில்லை.

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. கொஞ்சம் அதிகாரமாக, கொஞ்சம் நடுக்கமாக இருந்தது.

"எங்க போற, மருமவளே? உள்ள வந்து கதவச் சாத்து."