பெரிய வெள்ளியன்று சுத்தியல் எடுத்தவன்

தவக்காலம் வந்துவிட்டால் சூசையப்பன் சுத்தபத்தம். சாராயம் தொட மாட்டான், கறி தொட மாட்டான், முகச்சவரம்கூடச் செய்ய மாட்டான். வெள்ளிதோறும் எஸ்டேட் கோயிலில் சிலுவைப்பாதைக்கு முதல் ஆளாக நிற்பான். இந்த வருடமும் எல்லாம் முறைப்படி நடந்தது. அணையில் சனங்களை அக்கரை சேர்க்க அவன் ஓட்டும் மோட்டார் வள்ளத்தைக் கரையேற்றிப் பழுது பார்ப்பது ஒன்றுதான் நடக்கவில்லை.

அது மரவள்ளம். கோடையில் அணைத்தண்ணீர் கீழே இறங்கி, வள்ளம் கரையில் வெயிலில் கிடந்தால் பலகைகள் சுருங்கி இடைவெளி விட்டுவிடும். அந்த இடைவெளிகளில் அடைத்திருக்கும் பழைய பஞ்சைக் கிளறி எடுத்து, புதுப் பஞ்சை மொட்டை உளி வைத்துச் சுத்தியலால் அறைந்து இறக்கி, மேலே குங்கிலியப் பிசினைக் காய்ச்சிப் பூச வேண்டும். வருடத்துக்கு ஒரு தடவை இதைச் செய்தால் வள்ளம் கேட்டபடி ஓடும். பஞ்சும் குங்கிலியமும் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முன்பே குமுளியிலிருந்து வந்து, பொட்டலம் பிரிக்காமல் கிடந்தன. அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளியவன், பெரிய வெள்ளிக்கு ஐந்தே நாள் இருக்க, குருத்து ஞாயிறு வந்ததும் அவசர அவசரமாக நீலப் பெயின்ட் மட்டும் அடித்துவிட்டான். வள்ளம் ஜம்மென்று இருந்தது. பார்க்க நன்றாக இருந்தால் பாதி வேலை முடிந்தது என்று நினைப்பவன் அவன் ஒருவன்தானா? நாம் எல்லோரும் அந்த ஜாதிதான்.

பெரிய வெள்ளியன்று ஊரே அணையைக் கடந்து அக்கரைக் குருசுமலைக்குப் போகும். சிலுவையில் பாடுபட்ட ஆண்டவரின் சுரூபம் முதல் நடையில் போகும். பிறகு சனங்கள் நடை நடையாகப் போவார்கள். சித்திரபுரத்தில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ஜிஷாவும் கைக்குழந்தையோடு வந்திருந்தாள்.

விடிந்ததும் சூசையப்பனும் மனைவி இன்பமேரியும் கரைக்கு வந்தார்கள். மோட்டாரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை அவன் முறுக்கிப் பார்த்தான். இறுக்கமாகத்தான் இருந்தன. பிறகு இருவருமாக வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு வள்ளத்துக்குள்ளே ஊற்றினார்கள். உள்ளே ஊற்றுகிற தண்ணீர் வெளியே எங்கே கசிகிறதோ, அங்கேதான் வெளித்தண்ணீர் உள்ளே நுழையும். அவன் குனிந்து அடிப்பக்கம் பார்த்தான். புது நீலப் பெயின்ட் கொப்புளித்து வெடித்து, அடிப்பலகை நெடுகத் தண்ணீர் ஒழுகியது. விரலால் நெருடினான். மக்கிப்போன பஞ்சு கையோடு வந்தது.

"பஞ்சு அடிக்கணும்" என்றான்.

இன்பமேரிக்கு முகம் செத்துவிட்டது. அவள் வீட்டில் பெரிய வெள்ளியன்று தலை வாரமாட்டார்கள், வீடு கூட்டமாட்டார்கள். சுத்தியலைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. ஆண்டவரைச் சிலுவையில் அறைந்த நாள் அது; அன்றைக்கு அடிக்கிற ஒவ்வொரு அடியும் ஆண்டவர் கையில் இறங்கும் என்பது அவள் அம்மா சொல்லித் தந்தது.

"ஏங்க, இன்னிக்கா? வேண்டாங்க. மெழுகுவத்தியை உருக்கி ஊத்தி விரலால அமுக்கிப் பாப்போம்."

அதையும் செய்தார்கள். மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். மெழுகு நழுவி விழுந்தது, ஒழுகல் நிற்கவில்லை.

"போகலைன்னு சொல்லிருவோம்" என்றாள்.

"சொன்னா சனம் நிக்குமா இன்பம்? கரையைச் சுத்தி நடக்கும். ஆனை தண்ணிக்கு எறங்குற தடம் அது. போன மாசம் ஏலக்காட்டு வாட்சரை அங்கதான அடிச்சுது? நம்ம பிள்ளையும் குழந்தையத் தூக்கிட்டு அந்த வழியா நடப்பா."

மேலே தேயிலைச் சரிவில் சிலுவைப்பாதைப் பாட்டு கேட்கத் தொடங்கியது. கூட்டம் ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு, மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

சூசையப்பன் சுத்தியலை எடுத்தான். "நீ மேல போயிரு. பாவம் என்னோட போகட்டும்."

அவள் போகவில்லை. அழுதுகொண்டே பொட்டலத்தைப் பிரித்தாள். பஞ்சைத் திரித்துத் திரித்து இடைவெளியில் வைத்துக் கொடுத்தாள். அவன் அடித்தான். ஒவ்வொரு அடிக்கும் அவள் "ஆண்டவரே மன்னியும்" என்றாள். சத்தம் தண்ணீரில் மோதித் திரும்பி வந்தது. மேலே பாட்டு நின்றுபோனது. அவன் நிறுத்தவில்லை. கடைசிப் பலகைவரை அடித்து, கல்லடுப்பு மூட்டிக் காய்ச்சிய குங்கிலியத்தைப் பூசி, அது இறுகியதும் மீண்டும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தான். அடிப்பக்கம் ஒரு சொட்டுகூட இல்லை.

சுரூபத்தை ஏற்றும்போது அவன் தலை நிமிரவில்லை. ஜிஷா குழந்தையோடு ஏறிய நடையில் இன்பமேரியும் ஏறினாள். அக்கரை சேரும்வரை குனிந்து, அடிப்பலகையில் உள்ளங்கையை வைத்தபடியே இருந்தாள். இறங்கியதும் கையை விரித்து அவனிடம் காட்டினாள். கை காய்ந்திருந்தது.

குருசுமலை உச்சியில் சிலுவை முத்தி செய்ய, சுரூபத்தின் பாதங்களை முத்தமிட, சனம் வரிசையில் நின்றது. சூசையப்பன் ஒதுங்கி ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தான். விரல் இடுக்கில் குங்கிலியம் ஒட்டியிருந்தது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

ஜிஷா வந்து கூப்பிட்டாள். "அப்பா, எல்லாரும் முடிச்சாச்சு. வாங்க."

போனான். முழந்தாளிட்டான். எல்லோரும் முத்தமிட்டுத் தேய்ந்த பாதங்கள் முன்னால் இருந்தன. அவன் பார்வை மேலே, ஆணி இறங்கிய கைக்குப் போனது. காலையிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போது உடைந்தது.

"வலிச்சிருந்தா மன்னிச்சிருங்க ஆண்டவரே" என்றான், பக்கத்தில் நின்ற இன்பமேரிக்கும் கேட்கும்படி. "தவக்காலம் முச்சூடும் நாள் இருந்துச்சு. நாந்தான் செய்யல."