இரண்டு விரல் மார்ஜின்

அலுவலக வாசல் பெஞ்சில் சுகந்தி மிஸ் ஒன்பதரைக்கு வந்து உட்கார்ந்தாள். மணி பதினொன்றாகியும் உள்ளேயிருந்து யாரும் கூப்பிடவில்லை. சும்மா இருக்கத் தெரியாத கை. ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டுகளை மடியில் அடுக்கி வைத்துத் திருத்திக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுப் போ என்று நேற்றே சொல்லியாகிவிட்டது. வேறொருத்தியாக இருந்தால் நோட்டுகளைத் தூக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பாள். இவளுக்குப் பதினாறு வருஷப் பழக்கம், போவேனா என்கிறது.

வெளியே விடிந்ததிலிருந்து சாரல். குற்றால மலை மேகத்துக்குள் போய் மறைந்திருந்தது. கூரைத் தகரத்திலிருந்து சொட்டிய தண்ணீர் பெஞ்சின் ஒரு முனையை நனைக்க, அவள் மறுமுனைக்கு நகர்ந்துகொண்டாள்.

விஷயம் இவ்வளவுதான். பாசனப் பாடம் நடத்தியபோது, 'உங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றி எழுதுக' என்றாள். வயல்காரர் ஒருவரின் மகள் அபர்ணா, 'எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வருவதில்லை' என்று ஒரே வரியில் முடித்துவிட்டாள். மிஸ் ஓரத்தில் சிவப்பு மையில் 'ஏன்?' என்று போட்டாள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை அப்பாவைக் கூட்டிக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு பக்கம் எழுதியது. பள்ளித் தாளாளரின் காட்டேஜில், தங்க வருகிறவர்கள் குளிப்பதற்குச் சிமெண்டில் ஓர் அருவி கட்டியிருக்கிறார்கள். வாய்க்காலை மறித்துத் தண்ணீரை அதற்குத் திருப்பியிருக்கிறார்கள். குளித்த தண்ணீர் சோப்பு நுரையோடு ரோட்டுச் சாக்கடைக்குப் போகிறது. கீழே பன்னிரண்டு வயல் தரிசாகக் கிடக்கிறது.

பத்துக்குப் பத்து போட்டதோடு விட்டாளா இந்தப் புண்ணியவதி? பெற்றோர் கூட்டத்தன்று அந்த நோட்டை விரித்து மேசைமேல் பார்வைக்கும் வைத்தாள். சாயங்காலத்துக்குள் அந்த இரண்டு பக்கமும் ஊரில் எல்லார் செல்போனுக்கும் போய்விட்டது.

கதவு திறந்தது. கிளார்க் ஆனந்தவள்ளி வந்தாள். மிஸ் வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் இதே பள்ளியில் அவளிடம் ஒன்பதாம் வகுப்பு படித்தவள். கையில் ஒரு வெள்ளைத்தாள், கம்ப்யூட்டரில் அடித்த மாதிரிக் கடிதம் ஒன்று.

"மிஸ், இதப் பாத்து உங்க கையெழுத்துல எழுதித் தரணுமாம். தந்தாதான் பீரோவுல இருக்க உங்க ஒரிஜினல் சர்டிபிகேட்டெல்லாம் கொடுக்கச் சொல்லுதாரு பிரின்சிபால்."

"எழுதலைன்னா?"

"எனக்கு என்ன மிஸ் தெரியும்? சொன்னதச் சொல்லுதேன்."

வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்துக்கொண்ட பி.எட். சான்றிதழ்கள் அவை. செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில், திங்கட்கிழமை ஒரிஜினலோடு வந்தால் சேர்ந்துகொள்ளலாம் என்றிருந்தார்கள். இன்று வெள்ளி. அது இல்லாமல் எந்தப் பள்ளிக்கூடப் படியும் ஏற முடியாது.

மாதிரியைப் படித்தாள். 'எனது சொந்தக் காரணங்களுக்காக இன்று முதல் பணியிலிருந்து விலகிக்கொள்கிறேன்.'

வெள்ளைத்தாளை நோட்டடுக்கின்மேல் வைத்துக்கொண்டு கேட்டாள், "மார்ஜின் எவ்வளவு விடணும் ஏட்டி?"

வள்ளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கிற நேரமா அது! "ரெண்டு விரல், மிஸ்."

சுகந்தி மிஸ் வகுப்புக்கு மட்டும் உள்ள வழக்கம் அது. ஸ்கேல் இல்லாத பிள்ளையும் இரண்டு விரலை ஒட்டி வைத்து இடப்பக்கம் கோடு போட்டுவிடும். அந்த இடம் மிஸ்ஸின் 'ஏன்?' விழுவதற்கு. கைடைப் பார்த்து எழுதினால் அது கட்டாயம் விழும்.

"என்னைய என்ன பாடு படுத்தினிய மிஸ்! குத்தாலத்துல சீசன் கொறஞ்சு போச்சுன்னு எழுதினேன். ஏன்னு போட்டிய. மழை இல்லன்னு எழுதினேன். அதுக்கும் ஏன்! இந்தச் சனியன் விடமாட்டேங்குதேன்னு அழுதுக்கிட்டே எங்கப்பாகிட்ட போயிக் கேட்டேன்."

"சனியன்னா சொன்ன?"

"ஆமா மிஸ்." வள்ளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் அப்பா ஐந்தருவிப் பக்கம் கூடையில் மங்குஸ்தான் விற்றவர். "யாவாரத்தப் போட்டுட்டு ஒரு மணிநேரம் சொன்னாரு. எங்கெங்க மரம் நின்னுது, யாரு வெட்டினா, எல்லாம். நீங்க அத வகுப்புல வாசிச்சிய. கூடைக்காரன்னுதான் ஊரே கூப்பிடும். நீங்க பேரச் சொல்லி வாசிச்சிய மிஸ்."

"தளவாய் சொன்னது. நாலு பக்கம்."

"ஞாபகம் இருக்கா?" என்றாள் வள்ளி. "அப்பா போயிட்டாரு. அந்த நோட்டு இருக்கு."

என்ன சந்தோஷமான வருஷங்கள் அவை! மிஸ் பேனாவை எடுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

வள்ளி மாதிரியை வைத்து வரி வரியாகச் சரிபார்த்தாள். 'காரணங்களுக்காக' என்ற இடத்தில் விரல் நின்றது.

"நான் எழுதியிருந்தா இங்கன ஒண்ணு போட்டிருப்பிய."

"போட்டிருப்பேன். கொண்டு போயிக் கொடு ஏட்டி."

ஐந்து நிமிஷத்தில் சான்றிதழ்கள் பிளாஸ்டிக் உறையில் வந்தன. உள்ளே குண்டூசி துருப்பிடித்து ஒட்டியிருந்தது.

"நோட்டையும் வாங்கிட்டு வரச் சொல்லுதாரு மிஸ்."

"ஒண்ணுதான் பாக்கி. முடிச்சிருதேன்."

"சீக்கிரம் மிஸ், சன்னல் வழியாப் பாக்காரு."

அடியில் கிடந்தது அபர்ணாவின் நோட்டு. அந்த இரண்டு பக்கமும் இருந்த தாளை ஸ்கேல் வைத்து ஒட்டக் கிழித்திருந்தார்கள். அடுத்த பக்கத்தில் நேற்றைய தேதி போட்டு, குண்டு குண்டாகப் பிள்ளையின் கையெழுத்து: 'எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வராததற்குக் காரணம், மழை இல்லை.' கீழே பிரின்சிபாலின் பச்சை மை டிக். தகரத்திலிருந்து ஒரு துளி தெறித்து வந்து அந்த வரிமேல் விழுந்தது. மிஸ் சேலையால் ஒற்றி எடுத்தாள்.

பிள்ளை போட்டிருந்த மார்ஜின் கோடு பக்கத்தின் நடுவுக்கே வந்திருந்தது. மிஸ் விரல்களை ஒட்டி வைத்து அளந்து பார்த்தாள். ஆறு விரல் இடம் காலியாகக் கிடந்தது.

"மிஸ்," என்று வள்ளி நோட்டுக்குக் கையை நீட்டினாள்.